லாலாகுடாவை விட்டுப் போகாத ஜெர்சன்

ஏ.எஸ்.ராவ் நகர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் சர்வீஸ் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் ஜெர்சன்தான் வருவான். உயரமான மெலிந்த உடம்பு, தாடி சரியாக வளராத முகம், கனத்த குரல். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் முதலில் பேச்சுக் கொடுப்பான். அவர்கள் பயம் தணிந்த பிறகுதான் கருவிப் பையைத் திறப்பான். பன்னிரண்டு வயது வரை அவனை ஸ்வீட்டி என்று கூப்பிட்டார்கள், பெண் குழந்தையாக வளர்த்தார்கள் என்பது லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அவன் அதை மறைத்ததில்லை. அதே குடியிருப்பில் இருக்கும் நான் இந்தக் கதையில் முதலிலிருந்தே அவனை அவன் என்றுதான் எழுதப்போகிறேன். அவன் கேட்டுக்கொண்டதும் அதுதான்.

அப்பா தனசிங் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சொந்த ஊர் தெற்கே நாசரேத் பக்கம், வேலைக்காகத் தெலுங்குப் பக்கம் வந்தவர். அம்மா ஜெயசுந்தரி அவருடைய சொந்த மாமா மகள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. பிரசவம் பார்த்த டாக்டர் பெண் குழந்தை என்றார். பார்வைக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தேகப்பட யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை.

அவன் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள், பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிரிக்கெட் மட்டையை எடுத்திருப்பான் என்று. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிரிக்கெட் ஆடினான், பொம்மைக்குச் சட்டையும் போட்டுப் பார்த்தான். கிறிஸ்மஸுக்குப் புதுக் கவுன் வாங்கினால் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டான். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். பையன்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று டீச்சர் பிரித்தால் அவன் கால் தானாகப் பையன்கள் பக்கம் போகும். டீச்சர் தோளைப் பிடித்துத் திருப்பி விடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். ஏன் அங்கே போனோம் என்று அவனுக்கே தெரியாது.

ஏழாம் வகுப்பில் கூடப் படித்த பெண்கள் ஒவ்வொருவராக வயதுக்கு வந்தார்கள். ஜெயசுந்தரி காத்திருந்தார். ஆனால் வந்தது வேறு. சர்ச் பாடகர் குழுவில் பெண் பிள்ளைகளோடு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தவனுக்குத் தொண்டை கட்டியது. வெந்நீரும் மிளகுப்பாலும் கொடுத்தும் சரியாகவில்லை. குரல் கீழே கீழே இறங்கியது. தோள் அகன்றது. அடிவயிற்றின் இரண்டு ஓரத்திலும் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்டு வலித்தது. புற்றுநோய்தான் என்று அவனே முடிவு செய்துகொண்டு, வீட்டில் சொன்னால் அம்மா தாங்கமாட்டாள் என்று பேசாமல் இருந்தான். பள்ளியில் ஓடும்போது வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்ட அன்றைக்குத்தான் சொன்னான்.

"அம்மா, எனக்கு உள்ள என்னமோ வளருது."

ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அவனை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் அம்மாவையும் அப்பாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். பிள்ளைக்குக் கருப்பை இல்லை. குரோமோசோம் ஆணுடையது. அடிவயிற்றில் தட்டுப்படுவது கட்டி இல்லை, ஆணுக்கு இருக்கவேண்டிய சுரப்பிகள் கீழே இறங்காமல் அங்கேயே தங்கியிருக்கின்றன. இதையெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் ஆறுதலாகவே பேசினார். சீக்கிரம் வந்தது நல்லதாகப் போயிற்று, அந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டுப் பெண் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் குரல் இதற்கு மேல் இறங்காது, பெண்ணாகவே வளரும், ஒருவருக்கும் தெரியவேண்டியதில்லை என்றார். பிள்ளைக்கும் தெரியவேண்டாம், குடலிறக்கம் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

தனசிங் உடனே தலையாட்டினார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அவனிடம் ஹெர்னியா என்றே சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஜெயசுந்தரி சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, ஹெர்னியாதான்னா அப்பா ஏன் அழுதாரு?"

"யாரு சொன்னா அழுதாவன்னு?"

"பஸ்ல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு. நான் பாத்தேன்."

ஜெயசுந்தரி பானையை இறக்கி வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை. அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். தரையில் உட்கார்ந்து அவனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒன்னப் பொம்பளப் புள்ளன்னு நெனச்சு வளத்தோம். ஒன் ரத்தத்தப் பாத்தா ஆம்பளப் புள்ளன்னு சொல்லுதாவ. உள்ள இருக்கத எடுத்துட்டு மாத்திர குடுத்தா பொண்ணாவே இருந்துக்கிடலாமாம். அதுக்குத்தான் ஆபரேஷன்."

அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"எடுத்துட்டா திரும்ப வைக்க முடியுமா?"

"முடியாதாம்."

"அப்ப எடுக்கக் கூடாது." பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் பையன்தாம்மா. எனக்கு முன்னாடியே தெரியும். ஆனா தெரியும்னுதான் தெரியல."

ஜெயசுந்தரி அழவில்லை. அடுப்பை அணைத்தார், புடவையை மாற்றினார், பணிமனை வாசலுக்கு நடந்தார். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டமாக வெளியே வந்தார்கள். தனசிங் மனைவியை அங்கே பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்ன ஜெயா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆபரேஷன் வேண்டாம். நான் அவன்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எவன்ட்ட?"

"நம்ம புள்ளைட்டதான்."

தனசிங் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். "நீ என்ன பேசுதேன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? நாளைக்கு சர்ச்சுல எப்படி மொகத்தக் காட்டுவேன்?"

"நீங்க காட்டாண்டாம். நான் காட்டுதேன். அவன் வேண்டாம்னு சொல்லுதத வெட்டி எடுத்துட்டு, நாளைக்கு அவன் கேட்டா நீங்க என்ன பதில் சொல்லுவிய?"

தனசிங் சைக்கிளை மறுபடி கையில் எடுத்தார். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டார்.

அந்த இன்னொரு டாக்டர் சுந்தரேசன். அரசு மருத்துவமனையில் ஹார்மோன் பிரிவில் இருந்தார். அவர் செய்த முதல் காரியம், வராந்தாவில் உட்காரப் போனவனை உள்ளே கூப்பிட்டது. "இவனைப் பத்தித்தானே பேசப்போறோம், இவன் இல்லாம எப்படி" என்றார். அறையில் உளவியல் நிபுணர் ப்ரியம்வதாவும் இருந்தார்.

சுந்தரேசன் விளக்கினார். ஆணின் ஹார்மோனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர். குழந்தை கருவில் இருக்கும்போது ஒரு என்சைம் அதை இன்னும் வலுவான ஒன்றாக மாற்றுகிறது. வெளியே தெரிகிற உறுப்பு ஆணுக்குரியதாக உருவாக அந்த வலுவான ஹார்மோன் வேண்டும். இவனுக்கு அந்த என்சைம் வேலை செய்யவில்லை. அதனால் பிறக்கும்போது பெண்ணைப்போல இருந்தான். வளரும் வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஏராளமாகச் சுரக்கும்போது என்சைமின் உதவி இல்லாமலேயே குரலை மாற்றுகிறது, எலும்பையும் தசையையும் மாற்றுகிறது.

"நாங்க சொந்தத்துல கெட்டினதாலயா சார்?" என்று ஜெயசுந்தரி கேட்டார்.

"வாய்ப்பு அதனால கூடும்மா. ஒரே குறை ரெண்டு பக்கமும் மறைஞ்சிருந்து ஒரு குழந்தைகிட்ட சேர்ந்துடுது. ஆனா உங்களுக்கு அது இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. தெரியாத ஒண்ணுக்கு யாரும் பொறுப்பாக முடியாது."

தனசிங் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இத்தன வருசம் கவுன் போட்டு, சட பின்னி, பொம்பளப் புள்ளயா வளத்தோம் சார். அது ஒண்ணுமே ஒட்டலியா?"

இதற்கு ப்ரியம்வதா பதில் சொன்னார். "ஒட்டாம இல்லைங்க. நீங்க வளர்த்த விதம் அவன்கிட்ட நிறைய இருக்கு. ஆனா, நான் பையனா பொண்ணாங்கற நினைப்பு கவுன்லேருந்து மட்டும் வர்றதில்லை. கருவுல இருக்கும்போதே மூளை ஹார்மோன்ல ஊறுது. பிறந்த பிறகு வீடு, பேர், பள்ளிக்கூடம் எல்லாம் சேருது. அப்புறம் குழந்தையே தன்னைக் கவனிச்சுப் பார்த்து ஒரு முடிவுக்கு வருது. எது எவ்வளவு பங்குன்னு பிரிச்சுச் சொல்ல இன்னைக்கு யாராலயும் முடியாது. இதே குறையோட பிறந்து பெண்ணாவே சந்தோஷமா இருக்கறவங்களும் இருக்காங்க. அதனால ரத்தப் பரிசோதனையை வச்சு முடிவு பண்ண வேண்டாம். இவனோட நான் கொஞ்ச நாள் பேசறேன்."

பல வாரம் பேசினார். ஒருமுறை அவனிடம் நேராகவே கேட்டார், இந்த வளர்ச்சியை மருந்தால் நிறுத்திவிட முடியும் என்றால் நிறுத்தலாமா என்று. அவன் சொன்னான்: "தப்பான பஸ்ல ஏறிட்டேன் மேடம். அது எப்படியோ திரும்பி சரியான ரூட்டுக்கு வந்துருச்சு. மறுபடி எறக்கி விட்டுறாதீங்க."

மருத்துவமனையில் முடிவு தெளிவாகிவிட்டது. வீட்டில்தான் பாக்கி இருந்தது. ஆண் பிறந்தால் ஜெர்சன், பெண் பிறந்தால் ஸ்வீட்டி என்று பிரசவத்துக்கு முன்பே பேசி வைத்திருந்ததை ஜெயசுந்தரி சொன்னார். "அப்ப ஜெர்சனே இருக்கட்டும், புதுசா எதும் தேட வேண்டாம்" என்றான். சீருடைக் கடையில் தையல் வேலை பார்த்த ஜெயசுந்தரி அதே வாரம் அவனுக்கு இரண்டு கால்சட்டை தைத்தார்.

தனசிங் வேறு வழி யோசித்து வைத்திருந்தார். காசிப்பேட்டைக்கு மாற்றல் கேட்கலாம். அங்கே போய்ப் புதுப் பள்ளியில் பையனாகவே சேர்த்துவிடலாம். யாருக்கும் பழைய கதை தெரியாது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு ஒன்றுமில்லை. வேறு குடும்பங்கள் அப்படிச் செய்து நன்றாகவே வாழ்கின்றன. ஜெயசுந்தரிக்கும் சரி என்றே பட்டது. ஜெர்சன்தான் மறுத்தான்.

"நக்கோப்பா, வேண்டாம். நான் வரல."

"ஒனக்காகத்தான் சொல்லுதேன். இங்க உள்ளவனுவ ஒன்னச் சும்மா விடுவானுவளா?"

"விடமாட்டானுவ. அங்க போனா மட்டும்? எவனாவது ஒருத்தன் இங்கேர்ந்து வந்து சொல்லிட்டா மறுபடி வேற ஊரு போணுமா? நான் எதுவும் திருடல. எதுக்கு ஓடணும்?"

தனசிங் அதன் பிறகு அவனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். எங்கள் நாசரேத் பக்கத்தில் பெண் பிள்ளையை ஏட்டி என்றும் பையனை ஏல என்றும் கூப்பிடுவோம். தனசிங் ஏட்டி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏல என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே மாதங்கள் போயின. சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான்.

பள்ளித் தலைமை ஆசிரியை ஆக்னஸும் முதலில் வேறு பள்ளியைத்தான் சொன்னார். மற்ற பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு. ஜெயசுந்தரி டாக்டரின் சான்றிதழை மேஜைமேல் வைத்தார். ஜெர்சன் எழுந்து நின்றான்.

"மிஸ், எல்.கே.ஜி.லேர்ந்து இங்கதான் படிக்கறேன். மார்க் குறைஞ்சா அனுப்புங்க. இதுக்கு அனுப்பாதீங்க."

ஆக்னஸ் சான்றிதழை எடுத்துப் படித்தார். "ஒரு டெர்ம் பார்க்கலாம். டீச்சர்ஸ் டாய்லெட்டை யூஸ் பண்ணிக்கோ. யாராவது கை வைச்சா என்கிட்ட வரணும், நீ கை வைக்கக்கூடாது. சரியா?" என்றார்.

கோடை விடுமுறை முடிந்து கால்சட்டையோடு போனான். முடியை ஒட்ட வெட்டியிருந்தான். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வகுப்பாசிரியர் அனுமதியோடு எல்லோர் முன்னாலும் நின்று சொன்னான்: "என் பேரு ஜெர்சன். நான் பொறக்கும்போதே பையன்தான், அப்ப டாக்டருக்குத் தெரியல. இப்ப தெரிஞ்சிருச்சு. ஏதாவது கேக்கணும்னா என்கிட்டயே கேளுங்க."

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. இரண்டு வருடம் போல நீண்டது. கழிப்பறைச் சுவரில் எழுதினார்கள். ராஜீவ் என்ற பையன் தினமும் அவன் பழைய குரலில் பேசிக் காட்டுவான். ஜெர்சன் ஒருநாள் அவன் முன்னால் போய் நின்று, "நல்லா பண்றே. ஆனா என் பழைய குரல் இதைவிட மெலிசு. சரியா செய்" என்றான். சுற்றி இருந்தவர்கள் ராஜீவைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த விளையாட்டு அதோடு ஓய்ந்தது. கிரிக்கெட்டில் சேர்க்க ஒரு வருடம் ஆனது.

இதையெல்லாம் தாங்கினான். தாங்க முடியாதது ஸ்மிதா விலகியதுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். அவளுக்கு அவன் மேல் கோபமில்லை. "அம்மா இனிமே உன்கூட உக்காரக் கூடாதுன்னுட்டா" என்று சொல்லிவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதான். பையனாக இருப்பதற்குக் கொடுத்த விலையில் அதுதான் பெரிது என்று இப்போதும் சொல்கிறான்.

சர்ச் விஷயம் அதைவிடச் சிக்கல். எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். அதே கோடை விடுமுறைக்குப் பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெர்சன் அம்மாவோடு வந்தான். ஜெயசுந்தரி பெண்கள் பக்கம் போனார். அவன் வாசலில் நின்றான். அம்மா பக்கம் போக முடியாது. ஆண்கள் பக்கம் பெஞ்சுகளில் இடம் இருந்தும் யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. முதல் பாட்டு தொடங்கிவிட்டது. அவன் திரும்பி வெளியே போகவில்லை, நின்றுகொண்டே பாடினான். புதிய குரல் இன்னும் நிலைப்படாமல் உடைந்து உடைந்து வந்தது. முன்வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாட்டு முடியுமுன் ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த தனசிங் எழுந்தார். நடுப்பாதையில் வாசல் வரைக்கும் நடந்து வந்தார்.

"ஏல, இங்க வா."

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்தார். பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். தனசிங் திரும்பினார். "என் மகன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடி அவனிடம் காட்டினார். நான் இரண்டு பெஞ்ச் தள்ளி இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சபைக் கமிட்டியில் அதைப் பற்றிப் பேசினார்கள், பேசிப் பேசி விட்டுவிட்டார்கள். மாற்றல் பேச்சு அதன் பிறகு வீட்டில் எழவில்லை.

சுரப்பிகளைக் கீழே இறக்கி வைக்கும் ஆபரேஷனை அவன் சம்மதத்தோடு அடுத்த வருடமே செய்தார்கள். மற்றவற்றைப் பதினெட்டு வயதுக்குப் பிறகு அவனே தீர்மானிக்கட்டும் என்று சுந்தரேசன் விட்டுவிட்டார். தீர்மானித்தான். ஒரு ஆபரேஷன் சரியாக ஆறாமல் மறுபடி செய்யவேண்டி வந்தது. அந்த வருடம் பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் போயிற்று. அரசிதழில் பெயரும் பாலினமும் மாற்ற அலைந்த அலைச்சல் தனி. ஒவ்வொரு அலுவலகத்திலும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டும். சலித்துக்கொள்ளாமல் சொன்னான்.

டிப்ளமோ முடித்து லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே வாடிக்கையாளர் அழைப்புகளை வாங்கி ஆட்களை அனுப்பும் வேலையில் இருந்தவள் சாஹித்யா, வரங்கல் பெண். பழகிக் கொஞ்ச காலத்தில் இருவருக்கும் பிடித்துப்போனது. பேச்சு கல்யாணத்தை நோக்கிப் போகிறது என்று தெரிந்ததும் அமீர்பேட்டில் ஒரு டீக்கடையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். பிள்ளை பிறக்க மருத்துவ உதவி தேவைப்படலாம், அதுவும் பலிக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மெட்ரோ ஏறிப் போய்விட்டாள். ஒரு வாரம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு கேள்வியோடு வந்தாள்: டாக்டரைத் தானும் பார்க்கலாமா. பார்த்தாள். தன் வீட்டில் ஜெர்சனே வந்து சொல்லவேண்டும் என்றாள். போனான். அவள் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார். போன பிப்ரவரியில் பதிவுத் திருமணம் நடந்தது. அவள் அம்மா வந்தார், அப்பா வரவில்லை. இப்போது பண்டிகைக்குப் போன் பண்ணுகிறார்.

சுந்தரேசன் ஓய்வு பெற்றுவிட்டார். ப்ரியம்வதா இன்னும் அதே மருத்துவமனையில் இருக்கிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் வந்தால் சில சமயம் அவர் ஜெர்சனைக் கூப்பிடுவார். விடுப்புப் போட்டுவிட்டுப் போவான். போன மாதம் கரீம்நகரிலிருந்து ஒருவர் மகளோடு வந்திருந்தார். ஜெர்சனுக்கு இருந்த அதே குறை. அவர் ஜெர்சனைப் பார்த்ததும் தெம்பாகிவிட்டார். அப்படியென்றால் என் பிள்ளையும் பையன்தான், பெயரை மாற்றி முடியை வெட்டிவிடுகிறேன், எனக்கு ஒரு மகன் கிடைத்தான் என்றார். அந்தப் பிள்ளைக்குப் பதினான்கு வயது. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெர்சன் அவளிடம் தெலுங்கில் கேட்டான்: "நீ சொல்லும்மா. நீ யாரு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "நான் பொண்ணுதான் அண்ணா. எல்லாரும் என்னைப் பையன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

ஜெர்சன் தகப்பனார் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சார், நான் பையன்னு சொன்னப்ப எங்க வீட்ல கேட்டாங்க. அதனாலதான் நான் நல்லா இருக்கேன், பையனா ஆனதால இல்ல. உங்க பொண்ணு சொல்றதயும் அதே மாதிரி கேளுங்க. அவசரத்துல எதையும் எடுக்கவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம். குரல் இறங்காம இருக்க மருந்து இருக்கு, அதப் பத்தி டாக்டர்கிட்ட கேக்கலாம். வாங்க."

அவர் எழுந்திருக்கத் தயங்கினார். ஜெர்சன் காத்திருந்தான். பிறகு மூன்று பேருமாக ஹார்மோன் பிரிவுக்கு நடந்தார்கள்.